மணிக்கட்டில் கட்டிய டார்ச்

எண்பதுகளில் ஒரு கோடை. கெடார் பக்கம் எங்கள் கிணற்றில் மோட்டார் ஓடியது, தண்ணீர் ஏறவில்லை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காய் பிடிக்கிற சமயம். இன்னும் இரண்டு நாள் போனால் செடி சுருண்டுவிடும். குழாயின் அடியில், தண்ணீருக்குள் இருக்கிற ஃபுட் வால்வில் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. முங்கிப் பார்க்க வேண்டியதுதான்.

அந்த ஆழத்தில் பட்டப்பகலிலும் இருட்டு. புதிதாக வாங்கிய டார்ச்சின் கண்ணாடி ஓரத்தில் மெழுகை உருக்கி ஊற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, சைக்கிள் டியூப்பை வெட்டி இறுக்கிச் சுற்றினேன். வேலைக்கு இரண்டு கையும் வேண்டும், ஆகவே டார்ச் மணிக்கட்டில் தொங்க வேண்டும். ஒற்றைக் கையால் முடிச்சுப் போட முடியாமல் மனைவியிடம் கையை நீட்டினேன்.

அவள் மகளின் பள்ளிக்கூட ரிப்பனை எடுத்து, நுனியை இழுத்தால் அவிழ்கிற மாதிரி கட்டினாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

“இன்னா, பின்னலா போடற? அவுந்து உழுந்தா டார்ச்சு போச்சு. சணல எடுத்து இறுக்கிக் கட்டு.”

“மாட்டக் கூட உருவு முடிச்சு போட்டுதானங்க கட்றோம். ஆத்திர அவசரத்துக்கு அவுக்க வேணாமா?”

“நான் இன்னா மாடா?”

அவள் முடிச்சை மாற்றவில்லை. முணுமுணுத்துக்கொண்டே இறங்கினேன்.

வால்வின் வாயில் ஒரு சாக்குத் துண்டு. பிடுங்கினேன், வந்துவிட்டது. மேலே வரக் காலை உந்தினால் கை வரவில்லை. டார்ச் குழாய்க்கும் கல்லுக்கும் நடுவில் செருகிக்கொண்டிருந்தது. இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. மல்லாட்டை, தண்ணீர் எல்லாம் மறந்துபோயிற்று. செத்தேன் என்றுதான் நினைத்தேன். இடது கையில் ரிப்பனின் நுனி தட்டுப்பட்டது. ஒரே இழுப்பு.

படியைப் பிடித்து மூச்சு வாங்கியதும் என் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு, “டார்ச்சு போச்சு.” அதுவும் அவள்மேல் பழி போடுகிற குரலில். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். தோல் கன்றிச் சிவந்திருந்தது. அப்புறம் இருவரும் கிணற்றைப் பார்த்தோம். கலங்கல் மெல்ல அடங்கியது. அடியில், குழாயை ஒட்டி, டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சணலில் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் கேட்கவில்லை.

“மாடுதான் நானு,” என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.