சீத்தா மரத்தில் தொங்கிய செருப்பு

கறுத்துச் சுருங்கிய சீத்தாக் காயை நசுக்கினால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும் வெள்ளை மாவுப்பூச்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டும். ஆனால் அந்த மரத்தோடு சேர்ந்து நினைவுக்கு வரும் மனிதர்களை நினைத்தால் இன்னும் அதிகமாகக் குமட்டும்.

தொண்ணூறுகளின் நடுவில், திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற அந்தச் சீத்தா, குளிக்கிற தண்ணீரையெல்லாம் குடித்து வருடம் முழுக்கப் பச்சையாகவே இருந்தது. சித்தப்பாவின் கல்யாணத்துக்காகப் புதுக் குளியலறை கட்டி, தண்ணீரைக் குழாய் வைத்துத் தெருச் சாக்கடைக்குத் திருப்பிவிட்டார்கள். தையில் சித்தி வந்தாள். மாசிக்குள் மரம் ஓர் இலை மிச்சமில்லாமல் உதிர்த்துவிட்டு விறகாக நின்றது. எங்களோடு இருந்த அப்பாவின் அக்காவுக்கு, அதாவது என் அத்தைக்கு, அந்தக் குழாய் கண்ணில் படவில்லை, தம்பி பெண்டாட்டிதான் பட்டாள்.

“இவ கால் வச்ச நேரம், பச்சை மரம் பட்டுப்போச்சு.”

“எங்க ஊரு கரட்டு மேட்டுல தை மாசமானா அம்புட்டுச் சீத்தாவும் இப்பிடித்தான் மொட்டையா நிக்கும், மதினி,” என்றாள் செம்பட்டிப் பக்கத்துக்காரியான சித்தி.

“வாயப் பாரு” என்று அத்தை சொன்னதோடு சரி. காய்க்காத மரத்துக்கு ‘ரோசம்’ வரட்டும் என்று பழஞ்செருப்பைக் கட்டித் தொங்கவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வீட்டில் பிய்ந்த செருப்பு எத்தனையோ கிடக்க, சித்தி கல்யாணத்துக்குப் போட்டுவந்த செருப்பையே அத்தை எடுத்துக் கட்டினாள். அப்பாவும் சித்தப்பாவும் தினமும் அதன் கீழேயே நின்று பல் விளக்கினார்கள், காறித் துப்பினார்கள். சித்தி வெறுங்காலோடு துணி உலர்த்தப் போவாள், அண்ணாந்து பார்க்க மாட்டாள்.

சித்திரையில் கோடை மழை பெய்தது. கணுவுக்குக் கணு தளிர் வெடித்து, செருப்பே தெரியாதபடி இலை மூடிவிட்டது. மரத்தடியில் நின்று சித்தி சிரித்ததை நான் பார்த்தேன். அந்தச் சிரிப்பும் ‘செத்த நேரம்’தான்.

“செருப்பக் கட்டவும்தான ரோசம் வந்து துளுத்திருக்கு,” என்றாள் அத்தை. ஆவணியில் முதல் பழத்தையும் அவளே பிளந்து, சாறு முழங்கைவரை வழிய உறிஞ்சி, கொட்டையை முற்றமெல்லாம் துப்பினாள். அன்றோடு எனக்குச் சீத்தாப்பழம் விட்டுப்போயிற்று.

இப்போது அந்தக் கொல்லை இல்லை, வரிசையாகக் கடைகள். மரத்தின் தூர்கூட மிஞ்சவில்லை. ஆனால் செருப்பால் பிழைத்த மரத்தின் கதையை அத்தை ஒவ்வொரு விசேஷத்திலும் பந்தியில் உட்கார்ந்து சொல்கிறாள், எல்லோரும் வெட்கமில்லாமல் சிரிக்கிறார்கள். போன மாதம் ஒரு வளைகாப்பிலும் சொன்னாள். எதிர் வரிசையில் நரைத்த தலையோடு உட்கார்ந்திருந்த சித்தி, சாப்பிட்டுக்கொண்டே, இரண்டு பாதங்களையும் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.