சொல் எடுத்துக் கொடுத்தல்

ஒருவர் சொல் கிடைக்காமல் தவிக்கும்போது அதை எடுத்துக் கொடுப்பது உதவியா, பறிப்பா? வீட்ஸ்கே டெர்ப்ஸ்ட்ராவின் முனைவர் ஆய்வு இந்த ஒரு கேள்வியில் சிக்கி, முடிய வேண்டிய காலத்தைத் தாண்டி இழுத்துக்கொண்டே போனது.

பக்கவாதத்தால் பேச்சு குலைந்தவர்களை அவள் ஆராய்ந்தாள். மருத்துவமனையில் அல்ல, அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். காபிக் கோப்பைகளுக்கு நடுவே கேமராவை வைத்துவிட்டு, கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதைப் பதிவு செய்வாள். பிறகு பல்கலைக்கழக அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு மௌனத்தையும் திரும்பத் திரும்பப் பார்ப்பாள்.

ஹார்மின் வீட்டில்தான் விஷயம் பிடிபட்டது. ஹார்ம் க்ரோனிங்கன் நகரத்தில், படகு கடக்கும்வரை வண்டிகளை நிறுத்தி வைத்துக் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலை பார்த்தவர். அவர் வாய் திறந்ததுமே மீதியை மனைவி கேஸீன் சொல்லி முடித்துவிடுவாள்.

"எனக்கு... அந்த..."

"சர்க்கரை."

"இல்ல. அந்த..."

"பாலு. பாலுதானே கேக்குற?"

ஹார்ம் தலையாட்டினார். பால் வந்தது. அவர் அதைத் தொடவில்லை.

பதிவுகளைப் பார்க்கப் பார்க்க ஓர் ஒழுங்கு தெரிந்தது. ஹார்மின் கண் ஜன்னலிலோ மேசைத்துணியிலோ இருந்தால் அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். அப்போது கொடுக்கும் சொல் பறிப்பு. தேடி அலுத்து, எதிரில் இருப்பவரை நிமிர்ந்து பார்த்தால் கேட்கிறார் என்று அர்த்தம். அப்போது கொடுப்பதுதான் மரியாதை. மற்ற வீடுகளிலும் இதே கதைதான்.

ஆனால் பதிவுகளில் அவளுடைய குரலும் இருந்தது. ஹார்ம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளும் அவசரப்பட்டுச் சொல்லைக் கொடுத்திருந்தாள்.

"அதையெல்லாம் வெட்டிடு," என்றார் நெறியாளர் ஃபான் டால். "ஆராய்ச்சி பண்றவளே நடுவுல பூந்தா கணக்குல சேராது."

"கேஸீன் பண்ணா சேருது, நான் பண்ணா சேராதா?"

"ஒரு வருஷம் போயிடும், வீட்ஸ்கே."

"போகட்டும்."

போனது. தன் அவசரங்களையும் மற்றவர்களுடையவற்றோடு சேர்த்து எண்ணி, அதற்கென்றே ஓர் அத்தியாயம் எழுதினாள். எழுத்து அப்படியொன்றும் சிறப்பில்லை. ஆனால் அந்தத் துறையில் கெட்டிக்காரர்கள் நிறைய உண்டு. தன் பிழையையே சான்றாக மேசைமேல் வைத்தவர்கள் குறைவு.

பட்டத்துக்கான பொது விவாதத்தில் ஆய்வாளருக்கு இருபுறமும் துணைநிற்பவர் இருவர் உண்டு. பின்புறம் வால்போல் நீண்ட கறுப்புக் கோட்டு போட்டு நிற்க வேண்டும். ஆய்வின் முடிவுகளை எண்ணிட்டுச் சுருக்கமாக அச்சிட்ட கருத்துரைகளில் ஒன்றை, தேர்வாளர் கேட்டால் உரக்கப் படிக்க வேண்டும். ஒருபுறத்துக்குத் தங்கை வந்தாள். மறுபுறத்துக்கு வீட்ஸ்கே ஹார்மைக் கேட்டாள்.

கேஸீன் கொதித்தாள். "பொண்ணே, ஊரே பாக்குற இடம். இவன் திணறுனா யாரும் சிரிக்க மாட்டாங்க, பாவம்னு பாப்பாங்க. அதுதான் எனக்குத் தாங்காது."

ஹார்ம் கையை உயர்த்தினார். "பாலத்துல... எல்லாரும்... நின்னாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நிக்கட்டும்."

"அந்தக் கோட்டுல பென்குயின் மாதிரி இருப்ப," என்றாள் கேஸீன். சம்மதம் என்று அர்த்தம்.

விவாதத்தில் கடைசியாகப் பேசிய தேர்வாளர் ஹார்மிடம் திரும்பி, நான்காம் கருத்துரையைப் படிக்கச் சொன்னார். ஹார்ம் நிதானமாகத் தொடங்கினார்.

"சொல் தேடுபவரின் மௌனம்... காலியிடம் அல்ல. அது அவருடைய..."

நின்றுவிட்டது. அச்சில் கண்முன்னே இருக்கும் சொல், வாய்க்கு வரவில்லை. முன்வரிசையில் கேஸீனின் உதடுகள் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தன, குரல் மட்டும் வெளியே வரவில்லை. ஹார்ம் ஜன்னலைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து வீட்ஸ்கேயின் முகத்தைப் பார்த்தார்.

'வேலை' என்பதுதான் அந்தச் சொல். எழுதியவள் அவள். இப்படிப் பார்த்தால் கொடுத்துவிட வேண்டும் என்று சொன்னவளும் அவளே. அவர் முகத்திலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. வாய் திறக்கவும் இல்லை.

கதவு திறந்தது. மணி கோத்த கோலோடு சடங்கு அலுவலர் உள்ளே வந்து, வழக்கப்படி லத்தீனில், நேரம் முடிந்தது என்று அறிவித்தார். அதற்குப் பிறகு யாரும் எதுவும் பேச வேண்டியதில்லை. விருப்பமிருந்தால் வாக்கியத்தை முடிக்கலாம் என்று அவைத்தலைவர் வீட்ஸ்கேக்குக் கை காட்டினார். அவள் தலையசைத்து மறுத்துவிட்டாள்.

பட்டம் கிடைத்தது. விருந்தில் கேஸீன் அவளை ஓரமாக இழுத்துப் போனாள்.

"இவன் உன்னைப் பாத்தான். கேட்டான்னு உன் புஸ்தகமே சொல்லுது. ஏன் குடுக்கல?"

சீஸ் தட்டோடு பக்கத்தில் நின்ற ஹார்மும் அந்தப் பதிலைக் கேட்கத்தான் நின்றார். முகத்தில் கோபமில்லை.

வீட்ஸ்கே பதில் சொல்லவில்லை. பிறகு அவர்கள் வீட்டு மேசையில் எத்தனையோ முறை காபி குடித்தாள். அப்போதும் சொல்லவில்லை.