முந்திச் சொன்ன நன்றி

என் பெரியப்பாவின் இடது கால் விரல்களைப் பனி தின்றுவிட்டது. எல்லையில் மலைமேல் காவல் நின்றபோது நடந்தது. பட்டாளத்தை விட்டு வந்தவருக்கு அந்தக் காலுக்கென்று தனியாக ஒரு பென்ஷன் உண்டாம். கேட்டு எழுதிய மனுவெல்லாம், அந்தத் தாள் இல்லை, இந்த முத்திரை இல்லை என்று எங்கள் ஊர் ஒதியம்பட்டுக்கே திரும்பி வந்தன. அவரோ புதுச்சேரியில் ஒரு நகைக்கடை வாசலில் வாட்ச்மேனாகப் பகல் முழுக்க நின்றுகொண்டிருந்தார். சாயங்காலம் வீடு வந்தால் கால் வீங்கியிருக்கும். பெரியம்மா ஒத்தடம் கொடுப்பார். பென்ஷன் வந்த மறுநாளே வேலையை விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை.

அப்பா அவரை எம்எல்ஏ வீட்டுக்கு அழைத்துப் போனார். எங்கள் பக்கத்தில் எம்எல்ஏ என்றால் காதுகுத்துக்கும் வருவார், கருமாதிக்கும் வருவார், சின்னத் தொகுதி. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மேலிடத்துக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றார். எழுதவும் செய்தார். பொய் சொல்லக்கூடாது, நல்ல மனிதர்தான்.

அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. அடுத்த வாரம் எம்எல்ஏவுக்குப் பிறந்தநாள். "முன்னாடியே நன்றி சொல்லிட்டா, அப்பறம் செய்யாம இருக்க முடியாதில்ல?" என்று தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு, வில்லியனூருக்குப் போய் பேனர் அடித்துக்கொண்டு வந்தார். "எங்கள் அண்ணனுக்கு ராணுவ பென்ஷன் பெற்றுத் தந்த ஏழைகளின் காவலரே" என்று கொட்டை எழுத்தில். மூலையில் பெரியப்பாவின் சீருடைப் படம். அதற்குக் கீழே, தபால்தலை அளவில் நானும். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரியப்பா மட்டும், வந்த பிறகு வைத்துக்கொள்ளலாமே என்று முனகினார். யார் கேட்டார்கள்?

பிறந்தநாள் மேடைக்குப் போகிற வழியில் எம்எல்ஏ அதைப் பார்த்திருக்கிறார். தன் கடிதம் பலித்துவிட்டதென்று அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். மைக்கில் அதைச் சொல்லி, பெரியப்பாவை மேலே அழைத்துச் சால்வை போட்டு, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். பெரியப்பா மைக்கைப் பிடித்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு ஒரு சல்யூட் அடித்துவிட்டு இறங்கிவிட்டார். நானும் அப்பாவும் முன்வரிசையில் நின்று கைவலிக்கத் தட்டினோம்.

பென்ஷன் வரவில்லை. மாதங்கள் கழித்து அப்பா போய்க் கேட்டபோது எம்எல்ஏவின் உதவியாளர் சிரித்தாராம். அந்த வேலை முடிந்ததென்று அவர்கள் எப்போதோ ஏறக்கட்டிவிட்டார்கள். இன்னொரு தாள் வேண்டுமென்று மேலேயிருந்து அவர்களுக்கு வந்த கடிதத்துக்கும் அதனாலேயே யாரும் பதில் போடவில்லை, கெடு தாண்டிவிட்டது. "வந்துடுச்சின்னு நீங்கதான ஊர் பூரா பேனர் வெச்சீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

இனி முதலிலிருந்து எழுத வேண்டும். பெரியப்பா எழுதவில்லை. வயதாகி முடியாமல் போகும்வரை அந்தக் கடை வாசலிலேயே நின்றார்.

அப்பா உதவியாளரைக் கேட்டுவிட்டு வந்த அன்று சாயங்காலம் பெரியப்பா வீட்டில்தான் எங்களுக்குச் சாப்பாடு. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "அன்னிக்கே மைக்குல சொல்லியிருக்கலாமேண்ணா, இன்னும் வர்லன்னு" என்றார். குரலில் கோபம்கூட இருந்தது.

பெரியப்பா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "இன்னான்னு சொல்றது? நீ கீழ நின்னு கைதட்டிகினு இருந்தியேடா."

அப்பா பாதிச் சாப்பாட்டில் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து வெளியே போனார். குழம்பில் உப்பு கூடிவிட்டதா என்று நான் பெரியம்மாவைக் கேட்டேன்.