தண்ணி ஓஸ்

டார்லின் எதையும் ஒரு தடவைதான் சொல்லுவாள். எட்டாம் வகுப்போடு அப்பா அவள் படிப்பை நிறுத்தியபோதும், "நான் பள்ளிக்கூடத்துக்குப் போறேம்ப்பா" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அப்பா காதில் விழாதவர் போலச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவள் பைக்கட்டைப் பரணில் போட்டாள். அதோடு முடிந்தது.

கல்யாணமாகி, புருஷன் கிங்ஸ்டன் சவூதிக்கு டிரைவர் வேலைக்குப் போன பிறகு, பாளையங்கோட்டையில் அசன் முகம்மது அண்ணாச்சியின் ஓஸ் கடையில் சேர்ந்தாள். வயலுக்கு, மோட்டாருக்கு, காருக்கு என்று சுருள் சுருளாகத் தொங்கும் ரப்பர் குழாய்களை அளந்து வெட்டிக் கொடுக்கவேண்டும். அதிகம் பேசவேண்டியதில்லை, அதனால் அவளுக்குப் பிடித்திருந்தது. காருக்கான ஓஸ் எல்லாமே கறுப்பாகத்தான் இருக்கும். ஆனால் ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகிற ஓஸ் வேறு, ஆயில் தாங்குகிற ஓஸ் வேறு. தண்ணி ஓஸில் ஆயில் பட்டால் ரப்பர் ஊறி, கொழகொழவென்று ஆகிவிடும். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மாதம் ஒருவராவது கெட்டுப்போன துண்டைக் கொண்டுவந்து மேஜையில் எறிந்து சண்டை போடுவார். அவர் போனபிறகு அதை எடுத்து விரலால் அமுக்கிப் பார்ப்பாள்.

ஒன்பது வருஷம் கழித்துக் கிங்ஸ்டன் திரும்பி வந்த அன்று, மகள் ஜெசி விருந்தாளிக்குக் கொடுப்பதுபோலத் தட்டில் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் வாங்கிக் குடித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினான். அந்த வாரமே பழைய டர்போ டீசல் கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தான்.

"இந்த வண்டி ஓடுத வரைக்கும் அப்பா இங்கனதான். எங்கயும் போவ மாட்டேன்" என்று ஜெசியிடம் சொன்னான். அதிலிருந்து ஜெசி, காலையில் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டபிறகுதான் பல் தேய்க்க எழும்புவாள்.

இரண்டு வருஷம் ஓடியது. ஐப்பசி மழையில் எஞ்சினில் ஓர் ஓஸ் வெடித்துவிட்டது என்று மெக்கானிக் குமரகுருபரன் மாற்றிக் கொடுத்தார். மறுநாள் காலையில் கிங்ஸ்டன் பானெட்டைத் திறந்தபோது டார்லின் எட்டிப் பார்த்தாள்.

எஞ்சினுக்குள் புகையும் ஆயிலும் கலந்த ஆவி சேரும். அதை வெளியே எடுத்து, டர்போ காற்றை உறிஞ்சுகிற குழாயில் கொண்டுபோய் விடுகிற ஓஸ் அது. டர்போ உறிஞ்சுகிற வேகத்தில் சப்பிப் போகாமல் கெட்டியாக நிற்கவேண்டும். குமரகுருபரன் போட்டிருந்தது தண்ணி ஓஸ். போன வழியும் சரியில்லை. பழைய ஓஸைப் பிடித்திருந்த கிளிப் பின்பக்கத்தில், சூடு படாத இடத்தில், சும்மா நின்றது. புது ஓஸ் குறுக்கே, கொதிக்கிற டர்போவின் தலைக்கு மேலேயே கிடந்தது.

"இந்தாங்க, அது தண்ணி ஓஸு. ஆயிலுக்கு ஆவாது" என்றாள்.

"குமரகுருபரன் அண்ணாச்சி இருவது வருசமா எஞ்சின் பிரிச்சு மாட்டுதாரு. அவருக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிட்டு?"

சொல்லியாகிவிட்டது. ஆனால் இந்தத் தடவை அவளால் விட முடியவில்லை. கடையிலிருந்து ஆயில் ஓஸ் வாங்கி வந்து வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று சொன்னாள். கிங்ஸ்டன் ஜெசியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு சர்ச்சுக்குப் போனான். ஆராதனை முடிவதற்குள் அவனுடைய ஸ்பானர் பெட்டியை எடுத்துத் தண்ணி ஓஸைக் கழற்றி, புதியதைப் பின்பக்கமாகச் சுற்றி, அந்தக் கிளிப்பிலேயே மாட்டினாள். விரல் முட்டிகளில் தோல் உரிந்தது. கழற்றிய ஓஸ் உள்ளே அதற்குள் இளக ஆரம்பித்திருந்தது. கிங்ஸ்டன் கவனிக்கவில்லை. வண்டி மூன்று மாதம் ஒரு குறையுமில்லாமல் ஓடியது.

தை மாதம் ஆயில் மாற்றப் பட்டறைக்குப் போனபோது அவளும் வண்டிக்குள் இருந்தாள்.

"யாரு வே இங்கன கை வச்சது?" என்றார் குமரகுருபரன்.

"நான் வைக்கலியே அண்ணாச்சி."

"நான்தான்" என்றாள் டார்லின்.

குமரகுருபரன் கண்ணாடிப் பக்கம் குனிந்தார். "தங்கச்சியா? பட்டறை வைக்கப் போறியளோ? முன்னாடியே சொல்லிருங்க, நான் நாளைல இருந்து ஓஸ் வெட்டப் போயிருதேன்."

பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். கிங்ஸ்டனும் சிரித்தான். ஆனால் அவன் காது சிவந்திருந்தது.

"ஊரச் சுத்திப் போனா ஆவி எப்படி வே போவும்? குறுக்க போட்டாத்தான் இழுக்கும்." அவர் ஆயில் ஓஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பழையபடி வேறொரு தண்ணி ஓஸைக் குறுக்கே மாட்டினார். டார்லின் உரிந்து ஆறிய தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனியில் போட்டது பின்பக்கமாகத்தானே வந்தது என்று சொல்ல வாய் வரை வந்தது. வெளியே வரவில்லை.

"நாலு பேரு முன்னால மானத்த வாங்கிட்டியேட்டி" என்றான் கிங்ஸ்டன் வழியில். அன்றைக்கே ஸ்பானர் பெட்டியை டிக்கியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

பங்குனியில் ஒரு கல்யாண வீட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போனான். ஏரல் பாலத்துக்குச் சற்று முன்னால் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்திருக்கிறது. பாலத்தைத் தாண்டி நிறுத்துவோம் என்று போயிருக்கிறான். பாதிப் பாலத்தில் கடகடவென்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. ஊறிப்போன ஓஸை டர்போ உறிஞ்சிச் சப்பையாக்கிவிட்டது. வெளியேற வழியில்லாத ஆவி, ஆயிலை அடைத்து நிற்கிற ரப்பர் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயிலை ரோட்டில் கொட்டிவிட்டது. எஞ்சின் காய்ந்து இறுகிப் போனது. வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள்.

"பழைய எஞ்சின் வே. அம்புட்டுத்தான் ஆயுசு" என்றார் குமரகுருபரன். கையிலிருந்த சப்பை ஓஸைப் பழைய இரும்புக் குவியலில் எறிந்தார். டார்லின் அது விழுந்த இடத்தைப் பார்த்தாள். கிங்ஸ்டனும் பார்த்தான். இன்னொரு எஞ்சின் போட அவர்களிடம் வழியில்லை. சவூதியிலிருந்த பழைய முதலாளிக்கு அவன் அன்று சாயங்காலமே போன் போட்டான்.

வைகாசியில் விசா வந்தது. கிளம்புகிற அன்று காலையில் டார்லின் சட்டைகளை மடித்து மடித்துக் கொடுத்தாள். அவன் பெட்டிக்குள் அடுக்கினான். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: "அன்னைக்கு நீ இன்னொரு தடவ அழுத்திச் சொல்லிருக்கலாம்லாட்டி. கேட்டிருப்பேன்."

அவள் கையில் கடைசிச் சட்டை இருந்தது.

"போவாதீங்க" என்றாள்.

அவன் பெட்டியின் ஜிப்பை இழுத்தான். ஒரு மூலையில் துணி மாட்டிக்கொண்டது. விடுவித்து மறுபடியும் இழுத்தான்.

"போவாதீங்க."

பிறந்ததிலிருந்து ஒரே சொல்லை அவள் இரண்டாம் தடவை சொன்னது அதுதான். அவன் கை ஒரு கணம் நின்றது.

"ஏர்போர்ட்டுக்கு வண்டி வந்துட்டு" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினான்.

உள்ளறையில் ஜெசி போர்வைக்குள் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். வாசலில் வாடகைக் கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. அவள் எழும்பிப் பல் தேய்க்கப் போனாள்.