நாரைகளுக்குப் போன கூஜா

என் கல்யாணச் சீரில் எனக்கு ஆசையானது ஒரே ஒரு சாமான்தான், வெள்ளிக் கூஜா. அம்மா தன் வெள்ளி ஒட்டியாணத்தை அழித்துப் பண்ணிப் போட்டது. மறு வருஷமே அவள் போய்விட்டாள். அந்தக் கூஜாவைத்தான் நான் ஏலத்துக்குக் கொடுத்தேன், அதுவும் பறவைகளுக்காக.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் கொள்ளிடக் கரையில் ஒரு இலுப்பைத் தோப்பு தெரியும். மழைக்காலம் பிறந்தால் நாரைகளும் கொக்குகளும் வந்து கூடு கட்டும். கத்தல் காதைப் பிளக்கும், நாற்றம் குடலைப் பிடுங்கும். தெருவே திட்டும். பிள்ளை குட்டி இல்லாத எங்கள் வீட்டுக்கு அந்த இரைச்சல் எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஒரு வருஷம் தோப்புக்காரர் மரங்களைச் செங்கல் சூளைக்கு விற்கத் துணிந்துவிட்டார். சூளைக்காரன் தருவதை நாம் கொடுத்தால் தோப்பைப் பறவைகளுக்கே விட்டுவிடுவதாகப் பேச்சு. அந்தப் பணத்துக்காகப் பறவைப் பிரியர்கள் சிலர் திருச்சியில் ஒரு கச்சேரி ஏற்பாடு செய்தார்கள். வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், பன்னீர், சந்தனம் எல்லாம் அமர்க்களம். இடைவேளையில், ஆளாளுக்குக் கொடுத்த சாமான்களின் ஏலம்.

மேடையில் கூஜாவைத் தூக்கிக் காட்டியதுதான் தாமதம், முன்வரிசையிலிருந்து என் அகத்துக்காரர் "பத்து ரூபாய்" என்றார். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அங்கே வந்திருந்த பெரிய மனிதர்களில் பாதிப் பேர் அவரிடம் காது திருகல் வாங்கியவர்கள். வாத்தியார் கேட்டபின் அதற்கு மேல் ஒருவன் வாய் திறப்பதாவது! வெள்ளியின் எடைக்கே எத்தனையோ பெறும் சாமான், மரியாதையில் மாட்டிக்கொண்டு நின்றது.

"ஒரு தரம்!"

அவர் பெண்கள் பக்கம் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். என் அம்மா கொடுத்ததை எனக்கே மீட்டுத் தருகிறாராம். நல்ல மனசுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் தோப்பு? பத்து ரூபாய்க்கு ஒரு மரம்கூட மிஞ்சாது.

"ரெண்டு தரம்!"

"இருபது!" என்று எழுந்து நின்று கத்தினேன்.

ஏலம் போட்டவர் திகைத்துப்போனார். "மாமி, ரெண்டு பேரும் ஒரே ஆத்துக்காரா ஆச்சே?"

"அதனாலென்ன? ஏலம்னா ஏலம்தான். நீங்க தரத்தைச் சொல்லுங்கோ."

கொட்டகை கொல்லென்று சிரித்தது. பெரிய கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு ராவுத்தர் எழுந்தார். அவரும் பழைய மாணாக்கர்தான். "சார் மன்னிக்கணும். அம்மாவே உங்களை விட்டுவைக்கல, நாங்க மட்டும் எதுக்குங்க பயப்படணும்? அம்பது!"

அவ்வளவுதான், அத்தனை வருஷப் பயமும் விட்டுப்போயிற்று. பின்வரிசையிலிருந்தெல்லாம் குரல் வந்தது, விலை மளமளவென்று ஏறியது. கடைசியில் கூஜா ராவுத்தருக்கே போயிற்று. அதற்கப்புறம் மேடைக்கு வந்த ஒவ்வொன்றுக்கும் போட்டிதான். தோப்பு பிழைத்தது.

ஜட்காவில் திரும்பினோம். அவருக்குக் கோபமோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

"அது உங்கம்மா குடுத்ததுடீ" என்றார் காவேரிப் பாலம் தாண்டியதும்.

"தெரியும்ணா" என்றேன். அழுகை வந்தது. அழுதேன். ஆனால் வருத்தம் இல்லை.

அந்த மழைக்காலத்தில் பறவைகள் வந்து இறங்கின. தோப்புப் பக்கமே எட்டிப் பார்க்காத மனிதர், "வாயேன், பார்த்துட்டு வரலாம்" என்று தாமே கூப்பிட்டார். மரத்தடியில் அண்ணாந்து நின்றோம். மேலே ஒரு நாரை தன் வேலையை முடித்தது. அது நேராக அவருடைய சலவை அங்கவஸ்திரத்தில் விழுந்தது.

ஆசாரக்காரர், ஆற்றுக்கு ஓடித் தலைமுழுகுவார் என்று நினைத்தேன். அவர் மரத்தைப் பார்த்தார், தோளைப் பார்த்தார்.

"உங்கம்மா சீர் அனுப்பிச்சுட்டாடீ" என்றார்.

துடைக்காமலே வீடு வரை வந்தார்.