பன்னிரண்டாவது ஆட்டக்காரி

காலையில் டீ கொண்டுவந்து கொடுத்த மனைவியை நான் "தேசப்பா" என்று கூப்பிட்டேன். அதுதான் முதல் அறிகுறி.

"யாருயா அது தேசப்பன்? கனவுல வந்தானா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். என் சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வந்தது என்று பிறகு சொன்னாள். டம்ளர் வலது கையிலிருந்து நழுவி மடியில் கவிழ்ந்தது. சூடு தெரியவில்லை.

பக்கத்து வீட்டில் பித்தம் என்றார்கள், இஞ்சி தட்டிக் கொடு என்றார்கள். மனைவி தேவகி யாரையும் கேட்காமல் ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். பொன்னேரியிலிருந்து சென்னை போய்ச் சேர்ந்தபோது, மூளை அடைப்பைக் கரைக்கும் ஊசி போடுகிற கெடு இன்னும் தாண்டவில்லை; போட்டார்கள். இதைப் படிக்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்த வைத்தியம் இது ஒன்றுதான். வாய் கோணினால், கை துவண்டால், பேச்சு தடம் மாறினால் இஞ்சியைத் தேடாதீர்கள்.

எனக்கு வந்தது இஸ்கீமிக் ஸ்ட்ரோக் (ரத்தம் போகும் வழி அடைபட்டு மூளையின் ஒரு பகுதி பட்டினி கிடப்பது). அடைப்பு இடது பக்கம். அதனால் வலது கையும் காலும் போயின. கூடவே அஃபேசியா (சொல் தலைக்குள் இருந்தும் நாக்குக்கு வந்து சேராத நிலை).

நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டுகிறவன். காலை ரயிலில் ஏறினால் இறங்கும்வரை வாய் ஓயாது. "நீ வாய மூடுற அன்னிக்கி எக்ஸ்பிரஸ் ரயிலே நம்ம ஸ்டேசன்ல நிக்கும்டா" என்பான் கூட வரும் காதர். ஆலையில் எட்டாவது தாண்டியவர்கள் நிறைய பேர் உண்டு, நான் இல்லை. என்னிடம் இருந்தது பேச்சுதான். அது போன பிறகு, எதிரில் இருப்பவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே தேவகியிடம் பேச ஆரம்பித்தார்கள்.

தண்ணீர் கேட்க வாயெடுத்தால் "சாவி" என்று வரும். அது தவறு என்று எனக்கே கேட்கும். திருத்தப் போனால் மறுபடியும் "சாவி." கொஞ்ச நேரத்தில் தாகத்தை விட அலுப்பு பெரிதாகிவிடும். கண்ணை மூடிக்கொள்வேன். தூங்குகிறேன் என்று நினைப்பார்கள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவார். பொறுமையானவர். தேவகியைக் காட்டி, "இவங்க பேர் என்ன சார்?" என்று கேட்டார்.

"தேசப்பன்."

இந்த முறை தேவகி சிரிக்கவில்லை.

காதர் பார்க்க வந்தான். கொண்டுவந்த பழத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "இன்னாடா, வாய மூடிட்ட. எக்ஸ்பிரஸ் எங்கடா நிக்கிது?" என்றான். அவன் குரல் உடைந்தது. அதை மறைக்கவோ என்னவோ, கையைக் குவித்து வாயருகே மைக் போலப் பிடித்து, "கோல் கீப்பர்..." என்று இழுத்தான்.

"சாலமன்" என்றேன்.

என் வாய்தான். நான் நிறுத்தவில்லை. "பேக்கு மஸ்தான், ஏழுமல. ஆஃபு வெங்கடேசுலு, மாணிக்கம், ராயப்பன். ரைட் அவுட்டு பாஷா, உமாபதி, சென்டரு கஜேந்திரன், பிரகாசம், லெஃப்ட் அவுட்டு தேசப்பன்." ஒரு பெயர்கூடத் தடுக்கவில்லை. அடுத்த கட்டிலில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் இருவரின் அப்பாக்களும் வேலை செய்த கம்பெனியின் கால்பந்து டீம் அது. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் மைதானம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்குமுன் ஒருவர் மைக்கில் கோல் கீப்பர், பின்வரிசை பேக்கு, நடுவரிசை ஆஃபு, முன்வரிசை என்று அந்தப் பெயர்களைப் படிப்பார். மற்ற நாட்களில் அதைச் சிறுவர்கள் நாங்கள் படிப்போம். குளிக்கும்போது, கடைக்குப் போகும்போது, பாடம் வராமல் வெளியே நிற்கும்போது. எங்களுக்கு அவர்களை விட்டால் வேறு ஹீரோ இல்லை. சாலமன் ரேஷன் கடை வரிசையில் மண்ணெண்ணெய் டின்னோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, இவரும் வரிசையில்தான் நிற்க வேண்டுமா என்று காதர் அழுதிருக்கிறான்.

என் ஆள் தேசப்பன். வெறுங்கால். கணுக்காலில் ஒரு துணிப்பட்டை. பந்தை இடது காலால் மட்டும்தான் தொடுவார். "அந்த சோத்துக்கால ஊட்லயே வச்சிட்டு வாயா, வெயிட்டு கொறையும்" என்று அவர் வலது காலைக் காட்டிக் கூட்டத்திலிருந்து கத்துவார்கள். அவர் திரும்பிப் பார்த்து, "அப்பால எதுல நிக்கிறது நைனா?" என்பார்.

இப்போது பிசியோதெரபியில் (கை கால்களை மறுபடி பழக்கும் பயிற்சி) கம்பியைப் பிடித்துக்கொண்டு எழும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேள்விதான். நிற்பதும் ஒரு வேலை என்று அவர் அன்றைக்கே சொல்லியிருக்கிறார். எனக்குக் காதில் விழவில்லை.

பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் தேவகி நடந்ததைச் சொன்னாள். "பதினோரு ஆம்பளைங்க பேரு வருது மேடம். எம்பேரு வரல."

தேடி எடுக்கிற சொல் வேறு, வாய் பழகிய சொல் வேறு என்று அந்தப் பெண் விளக்கினார். ஆயிரம் முறை சொன்னது மூளையில் அடிபட்ட இடத்தைச் சுற்றிக்கொண்டு வந்துவிடுமாம். "வீட்டில சார் உங்களை எப்படிக் கூப்பிடுவார்?"

"இன்னாமே, ஏமே... இப்டித்தான்."

"பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையா?"

"கல்யாணப் பத்திரிகையில படிச்சிருப்பாரு."

அந்தப் பெண் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணிலும் ஏதோ வந்தது. இந்த நோயில் இரண்டும் ஒரே குழாயில் வருகின்றன.

வீட்டுக்கு வந்ததும் தேவகி என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "இன்னாயா, உன் டீம்ல ஒரு ஆளு சேக்கலாமா? தேசப்பனுக்கு அப்பால நானு. சொல்லு பாப்போம்."

பல நாட்கள் தேசப்பனோடு நின்றேன். அதற்கு மேல் பாதை இல்லை. அவள் உதட்டைப் பார்த்து "தே" என்பேன், மறுபடியும் அவரே வந்து நிற்பார். "அந்தாள கொஞ்சம் ஒதுங்கச் சொல்லுயா" என்று அலுத்துக்கொண்டு உலை வைக்கப் போவாள். திரும்பி வந்து, "ம், கீப்பர்லேர்ந்து வா" என்பாள். எனக்கு அவ்வளவு தூரம் போய் வரத் தெம்பு இருக்காது. ஆனாலும் போவேன்.

ஒரு மத்தியானம் அவள் பெயர் வந்தது. தேசப்பன், தேவகி. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "இன்னொரு வாட்டி சொல்லு" என்றாள்.

அதன் பிறகு மற்ற சொற்களும் ஒவ்வொன்றாகத் திரும்பின. தண்ணீர் இப்போது தண்ணீர்தான். இதை இடது கையால் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பத்தி, அதற்கு மேல் தலை கனத்துவிடும். கிரேன் இனி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். குணமாவது என்றால் பழைய உடம்பு திரும்பி வருவது என்று நினைத்திருந்தேன். அது வரவில்லை. வேறு ஒன்று வந்திருக்கிறது, அதோடு பழகிக்கொண்டிருக்கிறேன்.

அவள் பெயர் மட்டும் இன்னும் தனியாக வருவதில்லை. கூப்பிட வேண்டுமென்றால் கோல் கீப்பரிலிருந்து தொடங்க வேண்டும். முன்பு எந்தச் சொல்லும் நினைத்ததும் வாயில் இருக்கும். இப்போது நினைப்புக்கும் சொல்லுக்கும் நடுவில் ஒரு மைதானம் கிடக்கிறது. வலது காலை இழுத்துக்கொண்டு அதைக் கடக்கிறேன்.

ஆரம்பத்தில் "சாலமன்" என்று கேட்டதுமே ஓடி வந்துவிடுவாள். இப்போது வருவதில்லை. சமையலறை வாசலில், ஈரக்கையோடு, நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் பேக்கைக் கடந்து, ஆஃபைக் கடந்து, மூச்சு வாங்கி, பிரகாசத்திடம் நின்று, தேசப்பனுக்கு வருகிறேன். அவள் நகர்வதில்லை. தன் முறை வரும்வரை காத்திருக்கிறாள்.