வழக்குக்கு நேர்ந்து நடந்தவருக்குப் பிடியாணை

அடியார்களே, முருகனை உருகிக் கும்பிட்டதால் எனக்கு உதவி கிடைத்தது என்று சொல்ல நான் வரவில்லை. நான் அவரை ஏசினேன். கோவில் வாசலில் நின்று, உள்ளே இருந்த ஐயர் எட்டிப் பார்க்கும்படி ஏசினேன். அதற்குப் பிறகுதான் வழி திறந்தது. வெள்ளிக்கிழமைக் கூட்டுப் பிரார்த்தனை முடிந்து இதை வாயால் சொன்னபோது சிலர் சிரித்தீர்கள், சிலர் அழுதீர்கள். கோவில் மலர் இதழுக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. அதோடுதான் எழுதுகிறேன்.

என் பெயர் ராஜேஸ்வரி. மல்லாவிக்குக் கிட்ட இருக்கிறோம். என் தகப்பனும் என் கணவரின் தகப்பனும் மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இனக் கலவரத்துக்குப் பிறகு உடுத்த உடுப்போடு வன்னிக்கு வந்தவர்கள். நாங்கள் இரண்டு பேரும் இங்கேயே பிறந்தோம். இங்கேயே போரில் எல்லாவற்றையும் இழந்தோம். திரும்பவும் இங்கேயே வந்து குந்தினோம். ஆனாலும் ஏதும் ஒன்று என்றால் "மலையில இருந்து வந்த ஆக்கள்தானே" என்ற கதை இன்னும் இருக்கிறது.

என் கணவர் முத்துராசா கூலிக்கு உழவு இயந்திரம் ஓடுகிறவர். ஒரு நாள் மணல் ஏற்றி வரும்போது பொலிசார் மறித்தார்கள். முதலாளி கொடுத்துவிட்ட அனுமதிப்பத்திரம் காலாவதியானது. முதலாளி தப்பிக்கொண்டார், ஓடினவர் மாட்டிக்கொண்டார். நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அவருடைய சிநேகிதன் யோகன் கையெழுத்து வைத்துப் பிணையில் எடுத்தான். அடுத்த தவணை ஆனி மாதக் கடைசியில் என்று சொல்லிவிட்டார்கள்.

இனி நடந்ததைக் கேளுங்கள். வழக்கு நல்லபடி முடிய வேண்டும் என்று என் கணவர் கதிர்காமத்துக்கு நடந்து வருவதாக நேர்த்தி வைத்தார். வருசா வருசம் யாழ்ப்பாணத்திலிருந்து நடந்து வருகிற பாதயாத்திரைக்காரரோடு முல்லைத்தீவில் வைத்து எங்கள் பக்கத்து ஆட்களும் சேர்ந்துகொள்வது உங்களுக்குத் தெரியும். முன்னே கொண்டு போகிற முருகனின் வேலைக் கும்பிட்டு இறங்கினால் கதிர்காமம் போய்ச் சேரும்வரை வீட்டு நினைவே கூடாது என்பார்கள். கைத்தொலைபேசியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனார். அவர் எங்கேயோ கிழக்குக் கரையில் நடந்துகொண்டிருந்த நாளில்தான் வழக்குத் தவணை வந்தது. வழக்குக்காக நடந்து வழக்கையே தவறவிட்ட மனிதனை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? என் வீட்டில் இருக்கிறார்.

எனக்குத் திகதி தெரியாது. கோட்டு, வழக்கு அலுவல் பெண்களுக்கு என்னத்துக்கு என்று அவர் சொல்வதில்லை. ஒரு நாள் ஒரு பொலிஸ்காரர் வந்து அவரைக் கேட்டார். கதிர்காமத்துக்கு நடந்து போய்விட்டார் என்றேன். அந்த மனிதரும் கதிர்காமத்தானின் பக்தர் போல, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். எதற்கு வந்தார் என்று அவர் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை.

ஆடியில் கணவர் தாடியும் வெடித்த காலுமாகத் திரும்பி வந்தார். ஆவணியில் எங்கள் மகள் நிரோஜாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை வட்டக்கச்சி. அவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக் காணி பெற்று வயல் செய்கிற குடும்பம். பெடியன் தங்கமான பெடியன். ஆனால் மாப்பிள்ளையின் தாய் பெண் பார்க்க வந்த அன்று தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே, "உங்கட ஆக்களில வழக்கு வம்பெண்டு ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டவா. அந்த "உங்கட ஆக்கள்" எனக்குச் சுட்டது. இல்லை என்றேன்.

கலியாணப் பதிவுக்கு வதிவிடக் கடிதம் எடுக்க எங்கள் கிராம அலுவலர் விதானையாரிடம் போனபோது அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உங்கட மனுசனுக்குப் பிடியாணை இருக்கெண்டு ஒரு கதை அடிபடுது. உண்மையோ?"

வீட்டுக்கு வந்து கேட்டேன். அப்போதுதான் தவணைத் திகதியே வெளியே வந்தது.

"நான் யோகனிட்டச் சொல்லிப்போட்டுத்தானே போனனான், கோட்டில போய்ச் சொல்லச் சொல்லி," என்றார்.

"யோகன் போனவனோ?"

"அவன் எங்களை வழியனுப்ப எண்டு முல்லைத்தீவில வற்றாப்பளைக் கோயிலுக்கு வந்தவன். முருகன்ர வேலைக் கண்ட உடன அவனும் எங்களோட நடக்க வெளிக்கிட்டிட்டான்."

பிணை வைத்தவனும் கதிர்காமத்தில், பிணையில் வந்தவனும் கதிர்காமத்தில். கையில் கிடைத்த அகப்பையை எறிந்தேன். அவர் மேல் படவில்லை. பட்டிருக்கலாம்.

அன்றிலிருந்து அவர் வீட்டில் படுக்கவில்லை. வயல் வாடிக் கொட்டிலுக்குப் போய் ஒளிந்துகொண்டார். நான் சோறு கொண்டு போனேன். போகிற வாற இடமெல்லாம் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். பேசாமல் இருந்தால் பொலிசார் மறந்துவிடுவார்கள் என்றார் ஒருவர். இது திறந்த பிடியாணை, எங்கே கண்டாலும் பிடிப்பார்கள் என்றார் இன்னொருவர். அப்படி ஒன்றுமே இல்லை, விதானையாருக்குச் சும்மா வாய் என்றார் மூன்றாமவர். கோட்டுக்கு முன்னால் தேத்தண்ணிக் கடையில் இருக்கிற ஒருவன், காசு தந்தால் பிடியாணையை அழித்துத் தருவதாகச் சொல்லி அனுப்பினான். பிடியாணை இருக்கிறதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல ஒரு ஆள் இல்லை. பொலிசில் போய்க் கேட்டால் கேட்கப் போன ஆளையே உள்ளே போடுவார்கள் என்ற பயம் வேறு.

என் கணவரிடம் கேட்டால் ஒரே பதில்தான்.

"முருகன் பாத்துக்கொள்ளுவார்."

"பொலிஸ் கலியாண வீட்டில வந்து பிடிச்சா, பிள்ளையைத் தாரை வாத்துக் குடுக்க முருகனோ வருவார்?" என்று கேட்டேன். கலியாணத்துக்கு முதல் நாள் பிடித்தாலும் அவ்வளவுதான். இரண்டு கிழமை விளக்கமறியல் என்று சிறையில் போட்டுவிட்டால் மணவறையில் தகப்பன் இல்லை. அப்பா இல்லாமல் மணவறை ஏற மாட்டேன் என்று நிரோஜா அழுதாள். மாப்பிள்ளை வீட்டார் கலியாணத்தையே நிறுத்தலாம். எனக்கு அழுகை வரவில்லை. கொதிதான் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போனேன். கற்பூரம் கொளுத்தவில்லை. வாசலில் நின்றேன்.

"உனக்கு ரெண்டு பொஞ்சாதி, உனக்கென்ன. எனக்கு ஒரு பிள்ளை. அவளுக்கு ஒரு கலியாணம். உன்னை நம்பித்தானே அந்த மனுசன் கால் கொப்புளிக்க நடந்தது. நடந்து வந்தவனுக்கு நீ குடுத்தது இதுவோ? எனக்கு அற்புதம் ஒண்டும் வேண்டாம். பிடியாணை இருக்கோ இல்லையோ எண்டு உண்மை சொல்லுற ஒரு ஆளைக் காட்டு. காட்டாட்டி இந்த வாசலை நான் மிதிக்க மாட்டன்."

திருநீறும் எடுக்காமல் திரும்பி வந்தேன். வழியெல்லாம் ஏசிக்கொண்டே வந்தேன். ஆனால் வீட்டுப் படலையைத் திறக்கும்போது ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. திங்கட்கிழமை நானே கோட்டுக்குப் போவது.

போனேன். கோட்டுப் பதிவாளர் அலுவலகத்தில் இருந்தவர் முகத்தைப் பார்க்காமலே வழக்கு இலக்கம் கேட்டார். தெரியாது என்றேன். இலக்கம் இல்லாமல் பார்க்க முடியாது, சட்டத்தரணியோடு வாருங்கள் என்றார். சட்டத்தரணிக்கு எங்கே போவது என்றேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்த இடத்தில்தான் எனக்குள் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. விறாந்தையில் நின்று சத்தம் போட்டேன். யோகன், முதலாளி, தேத்தண்ணிக் கடைக்காரன், முருகன், ஒருவரையும் விடவில்லை. காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் என்னை வெளியே போகச் சொன்னார். அப்போது கறுத்தக் கோட்டுப் போட்ட ஒரு பெண் சட்டத்தரணி உள்ளே இருந்து வந்தவா.

"அக்கா, உங்கட சத்தம் உள்ளுக்க மட்டும் கேக்குது. வந்து இந்தக் கதிரையில இருங்கோ. என்ன பிரச்சினை?"

அடியார்களே, நான் காட்டச் சொன்ன ஆள் அதுதான். அமைதியாக நின்றிருந்தால் அவா என்னைக் கண்டிருக்க மாட்டா. முருகன் எனக்குத் தந்த உதவி என் வாய்தான் என்று அன்று விளங்கியது.

பெயர், பிடித்த பொலிஸ் நிலையம், முதன்முதல் கோட்டில் நிறுத்தின நாள், இந்த மூன்றும் தெரிந்தால் தேடலாம் என்றா. சொன்னேன். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தா.

"ஓம் அக்கா, பிடியாணை இருக்கு. ஒளிச்சிருக்கிறதுதான் பிழை. பொலிஸ் பிடிச்சுக் கொண்டு வந்தா ஒரு மாதிரி, தானா வந்து நிண்டா வேற மாதிரி. வழக்கைத் தவணைக்கு முதலே கூப்பிடச் சொல்லி நான் நகர்த்தல் பத்திரம் போடுறன். வேலை நாளில காலமை அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. பிணை வைச்ச ஆளும் வராதபடியா வேற பிணைகாரர் வேணும். சொந்தக் காணியும் விதானையாரின்ர கடிதமும் உள்ள ஆளாப் பாருங்கோ."

"காசு குடுத்தா அழிக்கலாமெண்டு ஒருத்தன் சொன்னவன்," என்றேன்.

"நீதவான் ஒருத்தரைத் தவிர அதை ஒருத்தராலயும் எடுக்க ஏலாது. அவனுக்கு ஒரு சதமும் குடுத்துப் போடாதேங்கோ."

உண்மை தெரிந்ததும் பாதிப் பாரம் இறங்கியது. மீதிப் பாதி பிணைகாரர். முதலாளி வீட்டுக்குப் போனேன். ஆள் இல்லை என்று உள்ளே இருந்துகொண்டே சொல்லச் சொன்னார். அவருடைய செருப்பு வாசலில் கிடந்தது. அதை எடுத்து வேலிக்கு வெளியே எறிந்துவிட்டு வந்தேன். சொந்தக்காரரில் ஒருவருக்குக் காணி உறுதி இல்லை, ஒருவருக்கு மனமில்லை.

இனி மறைத்தும் பயனில்லை. எப்படியும் கேள்விப்படத்தான் போகிறார்கள். கலியாணம் நின்றால் என் முகத்துக்கு நேரே நிற்கட்டும் என்று வட்டக்கச்சிக்குப் பஸ் ஏறினேன். அந்த அம்மா ஒரு சொல் "உங்கட ஆக்கள்" என்று சொன்னால் என்ன பதில் சொல்வது என்று வழி முழுக்க மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன்.

முற்றத்தில் நெல் காயப் போட்டிருந்தார்கள். சம்மந்தியும் அவருடைய மனைவியும் இருந்தார்கள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அன்று இல்லையென்று சொன்னேன், இப்போது வழக்கு இருக்கிறது, பிடியாணையும் இருக்கிறது, கலியாணம் வேண்டாமென்றால் இப்போதே சொல்லுங்கள் என்றேன்.

அந்த அம்மா குனிந்து நெல்லைக் கையால் கிளறிவிட்டா.

"என்ர மூத்தவனையும் ஒருக்காப் பொலிசில தேடினவை," என்றா. "அப்ப எங்களுக்குக் கையெழுத்து வைக்க ஒரு சொந்தக்காரரும் வரேல்லை. நான் வாசல் வாசலாப் போனனான்."

பிறகு கணவரின் பக்கம் திரும்பினா.

"நீங்கள் போய் வையுங்கோ."

"அதுக்கென்ன, வைக்கிறன்," என்றார் சம்மந்தி. அவ்வளவுதான். நான் அடுக்கிக்கொண்டு போன பதில் ஒன்றும் தேவைப்படவில்லை. அந்த முற்றத்தில் குந்தியிருந்து அழுதேன். அவா என் முதுகில் கை வைத்தா.

அங்கிருந்து நேரே வயல் வாடிக்குத்தான் போனேன். "நாளைக்குக் காலமை கோட்டுக்கு வாறீங்களோ, இல்லாட்டி நானே போய்ப் பொலிசைக் கூட்டிக்கொண்டு வரட்டோ?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு எழும்பினார். விடியச் சவரம் செய்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்.

பெயரைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினார். நீதவான், ஏன் அன்று வரவில்லை என்று கேட்டார். உண்மையைச் சொல்லுங்கள் என்று சட்டத்தரணி சொல்லி வைத்திருந்தா.

"கதிர்காமத்துக்கு நடந்து போனனான் ஐயா."

"அண்டைக்குத் தவணை எண்டு தெரியாதோ?"

"தெரியும் ஐயா. இந்த வழக்கு நல்லா முடியவேணுமெண்டுதான் நடந்தனான்."

கோட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. கோட்டுத் தவணையை விட்டுவிட்டுக் கோவிலுக்குப் போனால் விளக்கமறியலில் இருந்துதான் கும்பிட வேண்டிவரும் என்று கடுமையாக எச்சரித்தார். பிறகு சம்மந்தியைக் கூப்பிட்டு அவருடைய கடிதங்களைப் பார்த்தார். தானாக வந்து நின்றதால் பிடியாணையை மீளப் பெறுவதாகச் சொன்னார். சம்மந்தி கையெழுத்து வைத்தார்.

அதோடு வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தோம். சட்டத்தரணி விடவில்லை. மீளப் பெற்ற கட்டளையின் பிரதியை எடுத்து, பொலிஸ் நிலையத்தில் கொடுத்து, அவர்கள் தங்கள் பதிவில் மாற்றும்வரை பார்த்துக்கொண்டு நிற்கச் சொன்னா. இல்லாவிட்டால் பழைய பிடியாணையை வைத்துக்கொண்டு யாராவது திரும்பவும் பிடிப்பார்களாம். போய் நின்றேன். நாளைக்கு வரச் சொன்னார்கள். இன்றைக்கே வேண்டும் என்று அங்கே கிடந்த மர வாங்கில் குந்திக்கொண்டேன். என் வாயைப் பற்றி அவர்களும் கேள்விப்பட்டிருக்க வேண்டும், அன்றைக்கே செய்து தந்தார்கள்.

ஆவணியில் நிரோஜாவின் கையைப் பிடித்து அவளுடைய தகப்பனே தாரை வார்த்துக் கொடுத்தார். அந்தத் தண்ணீர் விழுவதை நான் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். மார்கழியில் வழக்கும் குற்றப்பணத்தோடு முடிந்தது.

முருகனிடம் திரும்பிப் போனேன். கற்பூரம் கொளுத்தினேன். நன்றி சொன்னேன். ஏசியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் அதைக் கேட்டுத்தானே செய்தார்.

இதை வாசிக்கிறவர்களில் சிலர் இப்போதும் வயல் வாடியில் படுக்கிறீர்கள். யார் யாரென்று எனக்குத் தெரியும், உங்கள் மனைவிமார் சொல்கிறார்கள். பொலிஸ் மறிக்கும் என்று மோட்டார் சைக்கிளில் புளியங்குளத்தைத் தாண்டப் பயந்து பிள்ளையின் ஆஸ்பத்திரி அலுவலையும் விட்டுவிட்டு இருக்கிறீர்கள். கும்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அழ வேண்டுமென்றால் அழுங்கள், ஏச வேண்டுமென்றால் ஏசுங்கள், முருகன் தாங்குவார். ஆனால் கும்பிட்டு முடிந்ததும் எழும்பிக் கோட்டுக்குப் போங்கள்.

இதுவரை மூன்று வீட்டுப் பெண்களோடு நான் போய் வந்துவிட்டேன். தனியப் போகப் பயமென்றால் என்னைக் கூப்பிடுங்கள். உங்கள் மனுசனை ஏசிக்கொண்டுதான் வருவேன். ஆனால் வருவேன்.